டீச்சரும் கேம் ஆடுவாங்களா?



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி தன் பிள்ளையோடு வீட்டுக்கு வந்தாள். நான் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து, ஒரு பாழடைந்த பங்களா படத்துக்குள்ளே மெழுகுவர்த்தியைத் தேடிக்கொண்டிருந்தேன். பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மா, டீச்சரும் கேம் ஆடுவாங்களா?" என்று கேட்டது. தாய்க்காரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "நாங்க ஆடினா அடி. இப்போ நீங்க ஆடுறியளா டீச்சர்?" என்றாள்.

ஆமாம், ஆடுகிறேன். பத்து வருடத்துக்கு மேலே ஆயிற்று. ஒளித்து வைத்து என்ன பிரயோசனம் என்று இதை எழுதுகிறேன்.

2011 செப்டம்பர் 15-ல் தமிழ்நாடு அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். உங்களில் பலர் அதை வாங்கியவர்கள்தான். எங்கள் கடைக்குட்டிக்கும் பிளஸ் டூ படிக்கும்போது ஒன்று கிடைத்தது. நர்சிங் படிக்கப் போனபோது பெட்டியில் இடமில்லை என்று அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனாள். பக்கத்து வீட்டுப் பையன் ஒருநாள் ஒரு கேமை அதில் இறக்கிக் கொடுத்தான். அறுபது நிமிடம் சும்மா ஆடலாம், அதற்குப் பிறகு காசு கட்ட வேண்டும். பெயர் டைனர் டாஷ். அமெரிக்காவில் வந்த விளையாட்டு. ஃப்ளோ என்று ஒரு பெண். ஆபீஸ் வேலை வெறுத்துப்போய் அதை உதறிவிட்டு, சொந்தமாக ஒரு சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள். வருகிறவர்களை உட்கார வைக்க வேண்டும், என்ன வேண்டும் என்று கேட்க வேண்டும், சாப்பாடு வைக்க வேண்டும், காசு வாங்க வேண்டும், பாத்திரம் எடுக்க வேண்டும். தாமதமானால் அவர்கள் தலைக்கு மேலே இருக்கிற இருதயம் ஒவ்வொன்றாகக் குறையும். எல்லாம் போனால் எழுந்து போய்விடுவார்கள். இந்த ரகத்துக்கு டைம் மேனேஜ்மென்ட் கேம் என்று பெயராம்.

எனக்கு முதல் நாளே பிடிபட்டுவிட்டது. பக்கத்து வீட்டுப் பையன் அதிசயப்பட்டான். இதில் அதிசயம் என்ன இருக்கிறது? என் முதல் பள்ளிக்கூடம் ஈராசிரியர் பள்ளி. நான்கும் ஐந்தும் தலைமையாசிரியருக்கு, ஒன்று முதல் மூன்று வரை எனக்கு. மூன்று வகுப்பும் ஒரே அறை. மூன்றாம் வகுப்புக்குக் கணக்கு எழுதிப்போட்டுவிட்டு, இரண்டாம் வகுப்பை வாசிக்கச் சொல்லிவிட்டு, ஒன்றாம் வகுப்பின் கையைப் பிடித்து "அ" போட வைப்பேன். அதற்குள் மூன்றாம் வகுப்பில் கணக்கை முடித்தவன் முடிக்காதவனை அடிக்க ஆரம்பித்திருப்பான். சத்துணவுக்கூடத்திலிருந்து ஆயா வந்து இன்றைக்கு எத்தனை பேர் என்று கேட்பார்கள். ஒரு குழந்தை மூத்திரம் என்று விரலைக் காட்டி நிற்கும். எந்தப் பிள்ளையின் இருதயம் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த விளையாட்டில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரே வேலையை அடுத்தடுத்துச் செய்தால் கூடுதல் புள்ளி. மூன்று மேசைக்கும் ஒரே சுற்றில் சாப்பாடு வைத்துவிட்டு, பிறகு மூன்று மேசையிலும் ஒரே சுற்றில் காசு வாங்க வேண்டும். சிலேட்டு திருத்துவதில் நான் இதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஒருத்திக்குத் திருத்தி, அவளுக்கு அடுத்த கணக்கும் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்தவளிடம் போனால் மணி அடித்துவிடும். எல்லா சிலேட்டையும் திருத்து, பிறகு எல்லாருக்கும் போட்டுக் கொடு. ஆசிரியப் பயிற்சியில் இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஃப்ளோவுக்கும் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டுக்காரருக்கு இந்தக் கடை விளையாட்டு பிடிக்கவே இல்லை. "பள்ளிக்கூடத்துல ஓடினது போதாதா டீச்சரே, இங்கயும் ஓடணுமா?" என்பார். (கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை டீச்சரே என்றுதான் கூப்பிடுவார்.) அவரை இழுத்தது இன்னொரு ரகம், ஒளிந்திருக்கும் பொருளைக் கண்டுபிடிப்பது. அமெரிக்காவில் சியாட்டிலில் இருக்கிற பிக் ஃபிஷ் என்ற கம்பெனி 2005-ல் மிஸ்டரி கேஸ் ஃபைல்ஸ் என்று ஒன்றை வெளியிட்டது. அதற்குப் பிறகு அந்த மாதிரி நூற்றுக்கணக்கில் வந்துவிட்டன. கம்பெனிப் பெயரைக் கேட்டதும், "பெரிய மீனா? அப்போ நம்ம ஆளு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

குமுதத்தில் ஆறு வித்தியாசம் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டாம். ஒரு அறையின் படம், உள்ளே கண்டதும் கடியதும் குவிந்து கிடக்கும். கீழே பட்டியல் இருக்கும். பட்டியல் இங்கிலீஷில், நான் வாசித்துச் சொல்வேன், அவர் தேடுவார். "லேடில்" என்றால் அகப்பை. "ஆன்வில்" என்றால் கொல்லன் பட்டறையில் இருக்கிற பட்டடைக் கல். சிலதற்கு நானே அகராதியைப் பார்த்துவிட்டுத்தான் சொல்வேன். நான் வார்த்தையைச் சொல்லி முடிக்கும் முன்னால் அவர் விரல் அங்கே நிற்கும். திரைச்சீலையின் மடிப்பையே வளைத்துக் குதிரையாக வரைந்திருப்பார்கள், அதையும் பிடித்துவிடுவார்.

கடலில் பழகிய கண் அது. வள்ளத்தில் போன காலத்தில் அவரிடம் கருவி எதுவும் கிடையாது. கடலுக்கடியில் இருக்கிற பாரைக் கண்டுபிடிக்கக் கரையைத்தான் பார்ப்பார்கள். ஒரு மலையுச்சியும் அதற்கு முன்னால் ஒரு கோயில் கோபுரமும் ஒரே நேரில் வர வேண்டும். வேறொரு பக்கம் இன்னொரு மலையும் ஒரு தென்னந்தோப்பின் முனையும் நேராக வர வேண்டும். இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் தூண்டிலை இறக்கினால் கீழே பார் இருக்கும், மீன் இருக்கும். நாம் வெறும் தண்ணீர் என்று பார்க்கிற இடத்துக்கெல்லாம் அவர் தலைக்குள் ஒரு பட்டியல் வைத்திருந்தார். 2017-ல் ஒக்கி அடித்த பிறகு பிள்ளைகள் சத்தியம் வாங்கி அவரைக் கடலுக்குப் போகவிடாமல் நிறுத்திவிட்டார்கள். அடுத்த வருடம் நானும் ஓய்வு பெற்றேன். சாயங்காலம் கட்டன் சாயாவும் கையுமாக இருவரும் லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிடுவோம்.

2021-ல் ஒருநாள் விடியற்காலை அவருக்கு இடது கை தூக்க வரவில்லை. வாய் லேசாகக் கோணியிருந்தது. வாயுப் பிடிப்பு என்று நான் தைலம் தேய்த்தேன். இரண்டு மணி நேரம் தேய்த்தேன். இதை எழுதும்போதும் என் கை நடுங்குகிறது. முகம் கோணினாலோ, கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ தைலத்தைத் தொடாதீர்கள், வண்டியைக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை நான்கரை மணி நேரத்துக்குள் போட்டால்தான் பலன். எங்களுக்கு அந்த நேரம் தப்பிப்போனது. உயிர் கிடைத்தது, பேச்சு கிடைத்தது. இடது கையும் காலும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தன.

வீட்டுக்கு வந்த பிறகு வேறு விதமான சண்டை தொடங்கியது. தட்டில் மரச்சீனிக் கிழங்கும் அயிலைக் கறியும் வைத்தால் பாதியை அப்படியே விட்டுவிடுவார். "இன்னும் பசிக்கு" என்பார். தட்டிலே இருக்கிறதே என்றால், "எங்க இருக்கு?" என்பார். ஒரு பக்க மீசையை ஒதுக்கி, மறுபக்கத்தை மறந்துவிடுவார். நான் இடது பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். வீம்பு பிடிக்கிறார் என்று நினைத்தேன். கவனமில்லை என்று திட்டினேன். முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளிடம் சொன்ன வார்த்தைதானே, நாக்கில் தயாராக இருந்தது.

பொழுது போகட்டுமே என்று ஒருநாள் மறுபடியும் கேமைத் திறந்தேன். ஒரு சமையலறைப் படம், பன்னிரண்டு பொருள். ஐந்தைக் கண்டுபிடித்தார். மற்ற ஏழுக்கும், "இல்ல டீச்சரே, இதுல இல்ல" என்றார். அடுத்த படத்தில் ஆறு. அதற்கடுத்த படத்தில் மறுபடியும் ஐந்து. கண் போய்விட்டது, மனுசனுக்கு வயசாகிவிட்டது என்று எனக்கு அழுகை வந்தது. அப்புறம் வாத்தியார் புத்தி விழித்துக்கொண்டது. விடைத்தாளில் ஒரு பிள்ளை எந்தெந்தக் கேள்வியில் தப்பு செய்கிறது என்று குறிப்போமே, அதுபோல ஒரு தாளில் படத்தைக் கட்டம் போட்டு, அவர் கண்டுபிடித்ததற்கு ஒரு புள்ளி, விட்டதற்கு ஒரு பெருக்கல் குறி வைத்தேன். நான்கு படம் முடிந்ததும் தாளைப் பார்த்தேன். புள்ளி எல்லாம் வலது பக்கம். பெருக்கல் எல்லாம் இடது பக்கம். நடுவில் கோடு கிழித்ததுபோல் இருந்தது.

எழுந்துபோய், அவர் பாதி வைத்திருந்த சாப்பாட்டுத் தட்டை எடுத்துவந்து அப்படியே அரை வட்டம் திருப்பி வைத்தேன். "இது எப்ப வச்ச?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார்.

என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பிள்ளை ஒருத்தி இப்போது பிசியோதெரபிஸ்டாக இருக்கிறாள். அன்று இரவே அவளுக்குத் தாளைப் படம் எடுத்து அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். மூளையின் வலது பக்கம் அடிபட்டால் சிலருக்கு இப்படி ஆகுமாம். கண்ணில் கோளாறு இருக்காது, இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே மூளை கணக்கில் எடுக்காது. காணாமல் போனது என்று அவர்களுக்கே தெரியாது. "வீம்பு இல்ல டீச்சர், அவங்களுக்கு அது இல்லவே இல்ல" என்றாள். அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. "இல்லாதத நான் எப்பிடிப் பாக்க?" என்று அவர் ஒருமுறை என்னிடம் கத்தியது காதுக்குள்ளேயே நின்றது. அதோடு, கரும்பலகையில் பாதியை விட்டுவிட்டு எழுதுகிறாள் என்று நான் வெயிலில் நிறுத்திய ஒரு பிள்ளையின் முகமும் வந்தது. அடுத்த வருடம் அவள் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தாள். அவள் இதை வாசிக்கிறாள் என்று தெரியும். மக்களே, மன்னிச்சிடு.

பிசியோதெரபிஸ்ட் பிள்ளை சொல்லித் தந்தபடி, திரையின் இடது ஓரத்தில் சிவப்பு ரிப்பன் ஒன்றை ஒட்டினேன். சிவப்பு கண்ணில் படும்வரை தலையைத் திருப்ப வேண்டும், அங்கிருந்து ஒவ்வொரு வரியாக வலது பக்கம் தேடி வர வேண்டும். சாப்பாட்டுத் தட்டின் இடது விளிம்புக்கும் அதே ரிப்பன். கடிகாரம் ஓடுகிற கேம்களை எல்லாம் அழித்துவிட்டேன். நேரக் கணக்கு இல்லாத ரகங்கள் நிறைய உண்டு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் தேடலாம். நானும் பக்கத்தில் உட்கார்ந்து "இன்னும் இடது, இன்னும் இடது" என்று கத்துவதை நிறுத்தப் பழகினேன். அதுதான் கஷ்டமாக இருந்தது.

கேம் ஆடினால் நோய் போய்விடும் என்று இதை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். மூளைக்குப் பயிற்சி என்று பெரிதாக விளம்பரம் செய்த லூமோசிட்டி கம்பெனி, ஆதாரம் இல்லாமல் விளம்பரம் செய்தது என்ற வழக்கில் 2016-ல் அமெரிக்காவில் 20 லட்சம் டாலர் கட்டியது. இவருக்கு நடந்தது தினமும் செய்த உடற்பயிற்சியாலும், மருந்தாலும், காலத்தாலும். கேம் எனக்குத்தான் பாடம் நடத்தியது. ஆனால் அவரைக் கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டார். எட்டு மாதம் கழித்து, இடது மூலையில் திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்திருந்த குடையைப் பிடித்தபோது, "பாத்தியா, பார் கெடச்சாச்சு" என்று சொன்னவர் அவர்.

இப்போதும் களைப்பாக இருக்கிற நாளில் இடது பக்கம் நழுவிப்போகும். அன்றைக்குத் தட்டைத் திருப்பி வைப்பேன். ஒன்றும் சொல்வதில்லை.

கடைசியாக ஒரு விஷயம். தொண்ணூறுகளின் கடைசியில், கணக்கு வகுப்பில் மேசைக்கடியில் பிரிக் கேம் ஆடிய ராமன்துறைப் பையன் ஒருவனிடமிருந்து அதைப் பறித்து, வருடக் கடைசியில் தருகிறேன் என்று சொல்லி மறந்துவிட்டேன். ஓய்வு பெற்றபோது மேசையைக் காலி செய்ததில் அது கிடைத்தது. நீ இப்போது பஹ்ரைனில் படகில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். லீவுக்கு வரும்போது வீட்டுக்கு வா. புது பேட்டரி போட்டு வைத்திருக்கிறேன், நன்றாக ஓடுகிறது. அதிகபட்ச மதிப்பெண் மட்டும் இப்போது என்னுடையது.