வேலையோடு வரும் வீடு: வால்பாறைக் குறிப்புகள்

தன்பாத்திலிருந்து ஆலப்புழாவுக்குப் போகும் ரயில் ராஞ்சி வழியாக வருகிறது. ஜார்க்கண்டிலிருந்து இந்த மலைக்கு வருகிறவர்களில் பலர் அதில்தான் ஏறுகிறார்கள். கோவைப் பக்கம் இறங்கி, பொள்ளாச்சிக்கு பஸ், பிறகு ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள். மேலே வந்து சேர்வதற்குள் பிள்ளைகள் வாந்தியெடுத்துத் துவண்டிருக்கும்.

யாரும் விளம்பரம் பார்த்து வருவதில்லை. முன்னால் வந்த அண்ணனோ மச்சானோ போன் போடுகிறார்: தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள், புருஷன் பெண்சாதி இரண்டு பேருக்கும் வேலை, வீடும் உண்டு. வீடு உண்டு என்று கேட்டதும் மூட்டை கட்டிவிடுகிறார்கள்.

*

வீடு என்றால் லைன் வீடு. ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடித்தனங்கள். பக்கத்து வீட்டில் இருமினால் இங்கே கேட்கும். 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், வீடும் வைத்தியமும் பிள்ளைக் காப்பகமும் தோட்டத்தின் பொறுப்பு என்று எழுதிவைத்தது. வாடகை கிடையாது. ஊர்விட்டு ஊர் வந்த குடும்பத்துக்கு, அட்வான்ஸ் புரட்டாமல் முதல் ராத்திரியே ஒரு கதவு கிடைப்பது சின்ன விஷயமில்லை.

ஆனால் அந்தக் கதவு வேலைக்குக் கட்டுப்பட்டது. ஆயுசு முழுக்கக் கொழுந்து கிள்ளிய அம்மாவும் வேலை முடிந்ததும் சாவியைக் கொடுக்க வேண்டும். மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தைப் பார்த்தோமே. 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடம் கம்பெனி 99 வருஷக் குத்தகைக்கு வாங்கிய காடு அது; 2028இல் குத்தகை முடிகிறது. 2024லேயே தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு என்று சொல்லி வேலையை நிறுத்தினார்கள். தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள், எங்கே போவது என்று கேட்டு கோர்ட்டுக்குப் போனார்கள். வேலை முடிந்தாலும் காலூன்றிக்கொள்ள ஒரு துண்டு நிலமாவது இல்லாவிட்டால், எத்தனை தலைமுறை இருந்தாலும் அது தங்கியிருப்பதுதான், குடியிருப்பது ஆகாது. இதை நான் அழுத்தியே சொல்கிறேன்.

*

இங்கே வால்பாறையில் காலியான லைன்களில்தான் புதியவர்கள் குடியேறுகிறார்கள். முன்பு இருந்தவர்களின் பிள்ளைகள் திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் கோவை மில்களிலும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அம்மா முதுகில் கூடை தொங்கியதைப் பார்த்து வளர்ந்தவர்கள்.

*

அசாமிலிருந்து வருகிறவர்கள் வேறு ரகம். தேயிலை அவர்கள் கைக்குப் பழக்கம். ஆனால் அங்கே தோட்டம் சமவெளி; இங்கே சரிவு. அங்கே பனிக்காலத்தில் செடி உறங்கிவிடும், கொழுந்து கிடையாது. இங்கே வருஷம் பூராவும் பறிப்பு உண்டு, அதனால் கூலியும் உண்டு. மழைதான் அவர்களையும் மிரட்டுகிறது. ஜூனில் பிடித்தால் துணி காய்வதில்லை, அட்டை காலை விடுவதில்லை.

அவர்களில் பலரின் பூட்டன் பூட்டிகள் சோட்டா நாக்பூரிலிருந்து அசாம் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்கள். நம் கீழ்நாட்டுச் சனங்களை முன்பணம் கொடுத்து இந்த ஆனைமலைக்குக் கங்காணிகள் ஏற்றிவந்த கதையும் அதேதான். இங்கே டாக்டராக இருந்த பி.எச். டேனியல் அந்தக் கொடுமைகளை 1969இல் ‘ரெட் டீ’ நாவலாக எழுதினார், இரா. முருகவேள் ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழில் தந்தார். வடக்கத்தியான் வந்து நம் பிழைப்பைக் கெடுக்கிறான் என்று டீக்கடையில் பேசுகிறவர்கள் அதை ஒருதரம் படிக்க வேண்டும். நம்மைக் கீழேயிருந்து ஏற்றிவந்த பசிதான் இவர்களையும் ஏற்றிவந்திருக்கிறது.

*

புதிதாக வந்தவர்களுக்கு முதல் வாரத்தில் யாராவது சொல்லித்தர வேண்டியவை:

ஊர் ரேஷன் கார்டு இங்கேயும் செல்லும். 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டம் நடக்கிறது. கைரேகை வைத்தால் மத்திய அரசின் பங்கு அரிசி கிடைக்கும். பலர் இதை அறியாமல் கடையில் விலைக்கு வாங்குகிறார்கள்.

ரோட்டோரம் கம்பத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் பக்கத்தில் யானை நிற்கிறது. நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன்காரர்கள் தொடங்கிய ஏற்பாடு. இதைப் புரிந்துகொள்ளத் தமிழ் தெரிய வேண்டியதில்லை.

பொழுது சாய்ந்தபின் பிள்ளையைத் தனியாக வாசலுக்கு விடக்கூடாது. இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். சிறுத்தை தேயிலைப் புதருக்குள் படுத்திருந்தால் கண்ணுக்குத் தெரியாது. புலம்பெயர்ந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இதே மலையில் பலியாகியிருக்கிறார்கள். எச்சரிக்கையைத் தாயிடம் மட்டும் சுமத்தினால் போதாது. லைனை ஒட்டிய புதரை வெட்டுவதும், வாசலில் விளக்குப் போடுவதும், கக்கூசை வீட்டுக்குப் பக்கத்தில் கட்டுவதும் தோட்டத்தின் வேலை.

*

ஆஸ்பத்திரியில் பார்த்தது. எட்டு ஒன்பது வயதுப் பெண்குழந்தை, யூனிபார்மோடு. இங்கே பள்ளிக்கூடம் போகிறாள், தமிழ் சரளமாக வருகிறது. அம்மாவுக்குத் தெரிந்தது அவர்கள் ஊர்ப் பாஷையான சாத்ரியும் கொஞ்சம் இந்தியும்தான். அம்மாவுக்கு உதிரப்போக்கு நிற்கவில்லை. அதை அந்தக் குழந்தைதான் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மாவுக்கோ அவளிடம் சொல்ல மனசில்லை. கடைசியில் குழந்தை “வயிறு வலி” என்றாள். நர்ஸம்மா விவரம் புரிந்து, அம்மாவை உள்ளே அழைத்துப்போய்த் தானே கேட்டுக்கொண்டார்.

பிள்ளை சீக்கிரம் தமிழ் கற்றுக்கொண்டது என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பிள்ளையின் தலையில் என்னென்ன ஏற்றுகிறோம் என்று பார்ப்பதில்லை. இரண்டு பாஷையும் தெரிந்த பெண்கள் இப்போது லைன்களிலேயே இருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தியை ஆஸ்பத்திரியில் சம்பளத்துக்கு வைக்கலாம்.

*

மாரியம்மன் திருவிழாவுக்கு லைன் லைனாக வரி பிரிப்பார்கள். புதியவர்களிடம் கேட்பதா வேண்டாமா என்று கமிட்டியில் பேச்சு வந்தது. பாவம், கூலிக்கு வந்தவர்கள், விட்டுவிடலாம் என்றார் ஒருவர். பெரியவர் ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. “வரி கேக்காத வீடு ஊர்க்கணக்குல வராதப்பா. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா நாம எப்படிப் போய் நிப்போம்?”

அவர் சொன்னதுதான் சரி. போய்க் கேட்டார்கள், கொடுத்தார்கள். வேதக்காரக் குடும்பங்கள் சிலவும், சாமி வேறாக இருந்தாலும் அன்னதானத்துக்கு என்று தனியாகக் கொடுத்தன.

வரி வாங்கியாயிற்று. இனிக் கமிட்டிக் கூட்டத்துக்கும் அவர்களைக் கூப்பிட வேண்டும், தரையிலோ பெஞ்சிலோ எல்லாரோடும் சமமாக உட்கார. அவர்களிடம் மாந்தர் என்ற மேளம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் லைனில் கேட்கிறது. அடுத்த திருவிழாவில் ஒரு ராத்திரி அவர்களுக்கென்று ஒதுக்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.