கண்ணாடி ஏற்றிய கார்

தில்லியில் குளிர் தொடங்கும் வாரங்களில் கார் வைத்திருப்போர் அனைவரும் தவறாமல் செய்வது ஒன்றுண்டு: கண்ணாடிகளை முழுவதும் ஏற்றிக்கொள்வார்கள். வெளியே இருப்பது புகை, உள்ளே இருப்பது காற்று என்பது அதன் பின்னுள்ள நம்பிக்கை. 2024 நவம்பரில் மயூர் விகாரில் வசிக்கும் ஓர் ஆய்வாளரும் அவ்வாறே ஏற்றிக்கொண்டார். பின்னிருக்கையில் அவருடைய தாயார். செவ்வாய்க்கிழமை தோறும் நகரின் தென்பகுதியிலுள்ள மருத்துவமனைக்கு நுரையீரல் சிகிச்சைக்காகச் சென்றுவர வேண்டும். சராய் காலே கானைத் தாண்டி ஆசிரமம் சந்திப்பில் சிக்கினால் ஒருவழிப் பயணத்துக்கே ஒன்றரை மணி நேரம் ஆகும்.

அந்த மாதத்தில்தான் தாயாருக்குத் தலைவலி வரத் தொடங்கியது. புதன்கிழமை வராது, செவ்வாய்க்கிழமை வரும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி இரவு உணவுக்குள் தணிந்துவிடும். மருத்துவமனை என்றாலே வரும் அலுப்பு என்று இருவரும் எண்ணிக்கொண்டனர். நவம்பர் நடுவில் காற்றுத் தரக் குறியீடு 450-ஐத் தாண்டி, பல்கலைக்கழகங்கள் வகுப்புகளை இணையவழிக்கு மாற்றிய அந்த நாட்களில், ஒரு தலைவலிக்குத் தனிக் காரணம் தேட யாருக்குத் தோன்றும்?

கார் 2011 ஆகஸ்டில் வாங்கியது. சிறிய பெட்ரோல் கார். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் முப்பதாண்டுகளுக்கும் மேல் பணிபுரிந்த தந்தை, ஓய்வுக்கு முந்தைய ஆண்டில் சேமிப்பைக் கொண்டு வாங்கிய முதல் புதுக் கார் அது. 2019-இல் அவர் மறைந்த பிறகு ஆய்வாளர் ஓட்டி வருகிறார். ஓடியிருப்பது 1,18,000 கிலோமீட்டர். அதில் ஒரு பகுதி, இரண்டு கோடை விடுமுறைகளில் கும்பகோணம் வரை சென்று திரும்பியது. இத்தகைய காரின் விலையைப் பழைய கார் வணிகர் ஒரு தொகையாகச் சொல்லும்போது வீட்டிலிருப்பவர்கள் மௌனமாகிவிடுவது இயல்பு. ஆனால் அந்த மௌனத்தைக் காரணமாக வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதில் ஆய்வாளர் தொடக்கத்திலிருந்தே கண்டிப்பாக இருந்தார்.

கோளாறு மூன்று விதமாகத் தெரிந்தது. காலையில் வண்டியைக் கிளப்பியவுடன் என்ஜின் பக்கத்திலிருந்து 'டிக் டிக்' என்றொரு சத்தம். ஐந்து நிமிடத்தில் அது மறைந்துவிடும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 11-க்கு இறங்கியிருந்தது. முகப்புப் பலகையில் என்ஜின் விளக்கு அணையாமல் எரிந்தது. பட்பர்கஞ்ச் தொழிற்பேட்டையிலுள்ள பெரிய பழுதகம் ஒன்றில் கணினியைச் செருகிப் பார்த்தார்கள். 'பி 0420' என்று குறியீடு வந்தது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை, சென்சார்களோடு சேர்த்து மாற்ற 71,000 ரூபாய் ஆகும் என்றார்கள். "மேடம், வண்டி விலையே 65,000-க்கு மேல் போகாது. விற்றுவிடுங்கள்" என்று மேலாளர் அக்கறையோடு சொன்னார்.

கேட்பதற்கு அது நியாயமான கணக்கு. காரின் விலையை விடப் பழுதுச் செலவு கூடினால் விற்றுவிடு என்று ஊரெல்லாம் சொல்லும் கணக்கு. ஆயினும் அதில் ஒரு பிழை உண்டு. அந்த 65,000 ரூபாய்க்கு இன்னொரு கார் கிடைக்காது. காரை விற்பவருக்குத்தான் அதன் சந்தை விலை பொருட்டு. ஓட்டுபவருக்கோ, அந்தக் கார் செய்யும் வேலையை வேறெதைக் கொண்டு, என்ன விலையில் செய்துகொள்ள முடியும் என்பதே கேள்வி.

அந்தக் கேள்வியை அவர் எழுதி வைத்துப் பார்த்தார். ஆய்வு உதவித்தொகை மாதம் 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. மாதந்தோறும் வரும் என்பது பெயரளவில்தான்; சில சமயம் மூன்று மாதத் தொகை சேர்ந்து வரும், சில சமயம் மூன்று மாதம் சேர்ந்து வராது. நான்கைந்தாண்டுப் பழமையான பிஎஸ்-6 காருக்கு நான்கு லட்சமாவது வேண்டும். கடன் கிடைத்தால் தவணை மாதம் 10,000-ஐத் தாண்டும். ஆனால் உதவித்தொகையைச் சம்பளமாக ஏற்க வங்கி தயங்கியது. டாக்சியோ செவ்வாய்க்கிழமைகளுக்கு மாதம் நான்காயிரத்தில் முடிந்துவிடும். எண்களை மட்டும் பார்த்தால் காரே வேண்டாம் என்பதுதான் விடை. அவரும் ஏறக்குறைய அந்த முடிவுக்கு வந்துவிட்டார். ஆனால் 2022 ஜனவரியில் ஓர் இரவு இரண்டு மணிக்குத் தாயாருக்கு மூச்சுத் திணறியபோது, பதிவு செய்த டாக்சி மூன்று முறை ரத்தானது. வாசலில் கார் நின்றிருந்தது. கணக்கில் ஒருவரியாகவும் இடம்பெறாத அந்த இரவுதான் மற்ற வரிகளையெல்லாம் அடித்துவிட்டது.

இடையில் வேறு இரண்டு யோசனைகளும் வந்தன. தரகர் ஒருவர், தடையின்மைச் சான்று வாங்கித் தலைநகர் வட்டாரத்துக்கு வெளியே வண்டியை அனுப்பிவிடலாம் என்றார். தில்லியில் பதினைந்தாண்டுப் பெட்ரோல் வண்டிக்கு வாழ்வில்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் இட்ட ஆணையை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் உறுதி செய்திருந்தது. வெளி மாநிலச் சிற்றூர்களில் அந்தத் தடையில்லை. "அங்கே யார் கேட்கப் போகிறார்கள்?" என்றார் தரகர். பெருநகரத்தின் காற்றுக் கொள்கை பெருமளவில் இந்த ஒரு வாக்கியத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொன்னால் மிகையாகாது. இங்கே ஆகாத புகை அங்கேயுள்ள நுரையீரலுக்கு ஆகும்!

இரண்டாவது யோசனை இன்னும் எளியது. தெருமுனைப் பட்டறை ஒன்றில், கன்வெர்ட்டரின் உள்ளே இருப்பதை இடித்து எடுத்துவிட்டு வெற்றுக் கூட்டை மறுபடி மாட்டித் தருவதாகச் சொன்னார்கள். செலவில்லை, மாறாக அவர்களே சில ஆயிரங்கள் தருவார்கள். அந்தக் கூட்டுக்குள் தேனடை போன்ற பீங்கானில் பிளாட்டினமும் பலேடியமும் ரோடியமும் மெல்லிய பூச்சாக இருக்கின்றன, அவற்றுக்குச் சந்தையுண்டு. அந்தப் பூச்சுதான் கார்பன் மோனாக்சைடையும் எரியாத எரிபொருளையும் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் தீங்கு குறைந்தவையாக மாற்றுகிறது. அதை விற்றுவிட்டால் வண்டி முன்னைவிடத் துள்ளலாக ஓடும் என்றார் பட்டறைக்காரர். பியூசி சான்றிதழைத் தாம் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார்.

உண்மையில் அந்தக் காருக்குச் செல்லத்தக்க பியூசி சான்றிதழ் ஏற்கெனவே இருந்தது, செப்டம்பரில்தான் எடுத்திருந்தார்கள். பிஎஸ்-4 பெட்ரோல் காருக்கு நிற்கும் நிலையில் கார்பன் மோனாக்சைடு 0.3 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, தாண்டவில்லை. ஆய்வாளரை உறங்கவிடாதது இதுதான். கன்வெர்ட்டர் செத்துவிட்டது என்று ஒரு கணினி சொல்ல, வால் முனையில் வெளியேறும் புகை சுத்தம் என்று இன்னொரு கணினி சான்று தருகிறது. இரண்டும் உண்மையாக இருக்குமானால் இடையில் என்ன நடக்கிறது?

அவருடைய ஆய்வுப் பொருளும் புகைதான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். கல்கத்தாவில் 1905-இலும் பம்பாயில் 1912-இலும் இயற்றப்பட்ட புகைத் தொல்லைச் சட்டங்களை அவர் ஆவணக் காப்பகங்களில் தேடி வாசித்து வருபவர். அந்தக் காலத்துப் புகை ஆய்வாளர்களுக்கு இருந்த முக்கியக் கருவி ரிங்கல்மான் அட்டை. வெள்ளை அட்டையில் கறுப்புக் கோடுகள், அடர்த்தி கூடிக்கொண்டே போகும். ஆலைப் புகைபோக்கியிலிருந்து எழும் புகையின் கருமையைக் கண்ணால் அதனோடு ஒப்பிட்டு எண்ணிட வேண்டும். கண்ணுக்குத் தெரிவதே குற்றம். தெரியாதது புகையே அல்ல. இந்த வரையறையின் குறையைத் தம் இரண்டாம் இயலில் இருபது பக்கத்துக்கு விமர்சித்திருந்த அவர், சொந்தக் காரில் அதே தவற்றைச் செய்துகொண்டிருந்தார். வேதியியல் துறை நண்பர் ஒருவரிடம் இதைப் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் ஆய்வகத்திலிருந்த கைக்கருவி ஒன்றைக் கொடுத்தனுப்பினார். கார்பன் மோனாக்சைடை அளப்பது.

அடுத்த செவ்வாய்க்கிழமை, ஆசிரமம் நெரிசலில், கருவி பின்னிருக்கையில் தாயாரின் மடியில் இருந்தது. கண்ணாடியை இறக்கி வெளியே நீட்டியபோது 6 பிபிஎம். கண்ணாடி ஏற்றி, வெப்பக் காற்று ஓட, பத்து நிமிடம் நின்ற பிறகு உள்ளே 38.

நம் நாட்டுத் தேசியக் காற்றுத் தர நெறிப்படி ஒரு மணி நேரச் சராசரி கனமீட்டருக்கு 4 மில்லிகிராம்; அதாவது மூன்றரை பிபிஎம். காருக்குள் இருந்தது அதன் பத்து மடங்குக்கு மேல். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது; நல்ல காற்றுக்கு வந்த பின் நான்கைந்து மணி நேரத்தில் பாதியாகக் குறைகிறது. செவ்வாய்த் தலைவலி இரவு உணவுக்குள் தணிந்ததன் பொருள் அப்போது விளங்கியது. நகரத்தின் புகைக்கு அஞ்சிக் கதவடைத்துக்கொண்ட அறைக்குள்ளேயே அடுப்பு புகைந்துகொண்டிருந்திருக்கிறது.

திரும்பும் வழி முழுவதும் கண்ணாடிகள் திறந்திருந்தன. தாயார் சேலைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டார். "உள்ளயும் புகை, வெளியிலயும் புகைன்னா மனுஷி எங்கடி போறது?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

கிச்சடிபூர்ப் பக்கம் சிறு பட்டறை வைத்திருக்கும் முதியவர் ஒருவர்தான் அதன் பிறகு வண்டியைப் பார்த்தார். கணினி அவரிடமும் இருந்தது. ஆனால் முதலில் அதைத் தொடவில்லை. "இரவு முழுக்க இங்கே நிற்கட்டும், பேட்டி. காலையில் குளிர்ந்த வண்டியைத்தான் நான் கேட்க வேண்டும்" என்றார். விடிந்ததும் கிளப்பி, 'டிக் டிக்' வரும் இடத்தில் கையை வைத்துக் காட்டினார். என்ஜினிலிருந்து புகை வெளியேறும் முதல் இடமான எக்ஸாஸ்ட் மானிஃபோல்டில், கேஸ்கெட்டின் ஓரத்தில், கரிக்கோடு ஒன்று விசிறிபோல் படிந்திருந்தது. இரண்டு போல்ட்டுகள் முறிந்திருந்தன. சூடேறினால் இரும்பு விரிந்து இடுக்கு ஓரளவு மூடிக்கொள்ளும், சத்தம் நிற்கும். கசிவு முழுதாக நிற்காது. கசியும் புகை, முன்கண்ணாடியின் அடியில் காற்றை உறிஞ்சும் துவாரத்தின் வழியே உள்ளே வருகிறது.

இதே இடுக்குதான் கணினியையும் ஏமாற்றியிருந்தது. என்ஜின் புகையைத் துடிப்பு துடிப்பாகத் தள்ளுகிறது. இரு துடிப்புகளுக்கு நடுவே இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே போகிறது. ஆக்சிஜன் சென்சார் அதைக் கண்டு, எரிபொருள் போதவில்லை என்று அறிவிக்கிறது. கணினி கூடுதல் பெட்ரோலை ஊற்றுகிறது. மைலேஜ் குறைந்ததும், கன்வெர்ட்டர் தேவைக்கு மேல் சூடேறியதும் அதனால்தான். வால் முனையை மட்டும் அளக்கும் பியூசி இயந்திரத்துக்கு வழியில் கசிந்தது தெரியாது. "கன்வெர்ட்டர் தானாகச் சாவது குறைவு, எதுவோ அதைக் கொல்லும்" என்றார் முதியவர். 71,000 கொடுத்துப் புதியது மாட்டியிருந்தால் அதுவும் இதே கசிவில் வெந்திருக்கும். தாயாரின் தலைவலியும் அப்படியே இருந்திருக்கும்.

மானிஃபோல்டைக் கழற்றி, லேத்தில் முகத்தைச் சமப்படுத்தி, புது கேஸ்கெட்டும் போல்ட்டுகளும் காஷ்மீரி கேட் சந்தையிலிருந்து வரவழைத்து மாட்டினார். ஆக மொத்தம் 7,400 ரூபாய். கருவி அடுத்த செவ்வாயன்று உள்ளே 5 காட்டியது, வெளியே 6.

கதை இங்கே சுபமாக முடிந்துவிடவில்லை. பிப்ரவரியில் என்ஜின் விளக்கு மீண்டும் எரிந்தது. பல மாதங்கள் வெந்த கன்வெர்ட்டர் உண்மையிலேயே தளர்ந்திருந்தது. இன்னும் அளவைத் தாண்டவில்லை, ஆனால் தாண்டும். இப்போது எழுந்தது வேறு கேள்வி. கசிவு தம் வீட்டாரின் நுரையீரலைச் சேர்ந்தது; அதில் பேரத்துக்கு இடமில்லை, வண்டியை மறுநாளே விற்பதானாலும் அடைத்துவிட்டுத்தான் விற்க வேண்டும். கன்வெர்ட்டரோ பின்னால் வரும் ஸ்கூட்டர்காரரின் நுரையீரலைச் சேர்ந்தது. அதற்குத் தவணை சொல்லலாமா? மூன்று மாதத்துக்கு ஒருமுறை பியூசி சோதனை செய்வது, 0.3 விழுக்காட்டைத் தொட்டால் அன்றே நிறுத்துவது, எப்படியாயினும் 2026 ஆகஸ்டில் பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்துச் சான்று வாங்கிக்கொள்வது, தரகரிடம் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தார். அஞ்சலகத்தில் மாதம் 6,000 ரூபாய்க்குத் தொடர் வைப்பு ஒன்றும் தொடங்கினார். இது சரியான முடிவு என்று அவர் யாரிடமும் வாதிடவில்லை. உதவித்தொகைக்குள் அடங்கிய முடிவு, அவ்வளவே.

2025 ஆகஸ்ட் 12 அன்று உச்ச நீதிமன்றம், பழைய வாகன உரிமையாளர்கள்மீது இப்போதைக்குக் கட்டாய நடவடிக்கை வேண்டாம் என்று ஆணையிட்டபோது, எதிர்வீட்டுக்காரர் இனிப்போடு வந்தார். அவரிடமும் ஒரு பழைய கார் உண்டு. ஆய்வாளர் இனிப்பை வாங்கிக்கொண்டார். சமையலறை நாட்காட்டியில் ஒட்டியிருந்த 'ஆகஸ்ட் 2026' என்ற சீட்டை எடுக்கவில்லை.

நண்பரின் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சிறியதாக ஒன்று வாங்கிப் பின்னிருக்கையில் மாட்டியிருக்கிறார்கள். நெரிசலில் வண்டி நிற்கும்போதெல்லாம் தாயார் கண்ணாடியை அணிந்துகொண்டு அதைப் படிக்கிறார். "இன்னும் நாலுலதான்டி நிக்குது" என்கிறார். சற்றுப் பொறுத்து மறுபடியும் படிக்கிறார்.