அட்டவணையில் இல்லாத பிள்ளை

சென்ற மாதம் ஒரு மாலைப் பொழுதில், என்னிடம் உயர்தரம் பயின்ற மாணவன் ஒருவன் தன் பெற்றோருடன் என் இல்லத்துக்கு வந்தான். உணவு விஞ்ஞானம் கற்க ஐக்கிய அமெரிக்கா செல்வது அவன் விருப்பம். அதற்காகத் தம் வயற்காணியை ஈடு வைக்கத் தகப்பனார் ஆயத்தமாயிருந்தார்.

"மாஸ்டர், இவற்றுள் எது நல்லதென்று நீங்களே சொல்லுங்கள்" என்று சில தாள்களை மேசைமேல் விரித்தார்.

அவை அமெரிக்கக் கல்வித் திணைக்களம் 'கொலிஜ் ஸ்கோர்கார்ட்' என்னும் பெயரால் வெளியிடும் கணக்குகள். 2019ஆம் ஆண்டு முதல் பாடநெறி வாரியாகவும் இவை கிடைக்கின்றன. ஒவ்வொரு சர்வகலாசாலைக்கும் எதிரே இரு தொகைகள்: பட்டதாரிகளின் இடைய வருமானம், அவர்களின் இடையக் கடன். வருமானம் கூடியதும் கடன் குறைந்ததுமான ஓரிடத்துக்குத் தகப்பனார் சிவப்பு மையால் அடையாளமிட்டிருந்தார்.

யான் அவருக்கு மூன்று செய்திகளை எடுத்துரைத்தேன்.

முதலாவது, இடையம் என்பது உறுதிமொழியன்று. பாதிப்பேர் அதனினும் குறைவாகவே உழைக்கின்றனர். உணவு விஞ்ஞானம் போன்ற சிறிய துறைகளில் பட்டதாரிகள் மிகச் சிலராயின் தொகையே வெளியிடப்படுவதில்லை.

இரண்டாவது, கடன் என்று எழுதப்பட்டது, படித்து முடித்தவர் தம் பெயரில் அரசாங்கத்திடம் பெற்ற கடன் மாத்திரமே. தனியார் வங்கிக் கடன் அதிற் சேராது. பெற்றோர் பட்ட கடனும் அதிற் சேராது. பெற்றோரைச் சார்ந்து வாழும் மாணவர் முதற்பட்டம் முடியும்வரை அவ்வாறு பெறக்கூடியது மொத்தம் 31,000 டொலர்தான். ஆகவே செலவு மிகுந்த இடமும் குறைந்த இடமும் அந்தக் கட்டத்தில் அண்ணன் தம்பிபோல் தோன்றக்கூடும்.

மூன்றாவதே முக்கியமானது. அரசாங்க உதவி பெற்றவர்களைக் கொண்டே அவ்விரு தொகைகளும் கணிக்கப்படுகின்றன. மாணவர் விசாவிற் செல்லும் பிறநாட்டவருக்கு அவ்வுதவி கிடையாது. "உங்கள் மகனைப் போன்ற ஒருவரேனும் இந்த அட்டவணையில் இல்லை" என்றேன்.

அதுவரை மௌனமாயிருந்த தாயார், "அப்படியென்றால், தம்பிக்கு அங்கே உத்தியோகம் கிடையாமற் போனால், காணியின் வட்டியை எந்தக் கட்டத்தில் எழுதுவது?" என்று கேட்டார். எங்களில் ஒருவருக்கும் மறுமொழி தோன்றவில்லை.

பின்னர் வேறொரு தாளெடுத்து, நான்கு ஆண்டுக் கட்டணம், சீவியச் செலவு, காணி வட்டி ஆகியவற்றை அவர்களைக்கொண்டே எழுதுவித்தேன். அதற்குப் பக்கத்தில், பேராதனை, ஸ்ரீ ஜயவர்த்தனபுர, வயம்ப சர்வகலாசாலைகளில் அனுமதி கிடைப்பின் இத்துறையைக் கட்டணமின்றிக் கற்கலாம் என்பதையும் எழுதினோம். இங்கே தொடக்கச் சம்பளம் சிறிதுதான்; ஆயினும் அதில் வட்டிக்கென்று ஒரு பங்கு போகாது. முதற்பட்டத்தை இங்கே பெற்றுத் திறமை காட்டுபவரை, ஆராய்ச்சி உதவியாளர் பதவியும் கட்டண விலக்கும் அளித்து மேற்படிப்புக்கு ஏற்கும் அமெரிக்கச் சர்வகலாசாலைகளும் உண்டு.

அன்று முடிவொன்றும் எடுக்கப்படவில்லை. கொண்டுவந்திருந்த காணி உறுதியைத் தகப்பனார் மீண்டும் பைக்குள் வைத்துக்கொண்டார். மகனோ புதிய தாளைக் கேட்டு வாங்கிச் சென்றான்.

பெற்றோர்களே, மாணவர்களே, கணக்குகளைப் பாருங்கள், பார்க்கத்தான் வேண்டும். ஆயினும் எத்தொகை பெரிது என்று கேட்குமுன், அத்தொகை யாருடையது என்று கேளுங்கள்.