காதும் ஓர் அமானிதம்



பிள்ளை கல்லூரிக்குச் செல்லத் தொடங்கியதும், வீட்டின் வரவு செலவுக் கணக்கில் நம் பெற்றோர் அறிந்திராத சில பெயர்கள் வந்து அமர்ந்துவிடுகின்றன. அவற்றுள் ஒன்று ஹெட்போன். "இருப்பது போதாதா?" என்று தந்தை கேட்பதும், "இதில் பேஸ் சரியாக இல்லை அத்தா!" என்று மகன் சொல்வதும் இன்று எத்தனையோ இல்லங்களில் நடக்கும் உரையாடல். எங்கள் இல்லத்திலும் அது நடந்தது.

நான் கடலூரில் மதரஸா ஆசிரியன். வருவாய் அளவானது. என் மகன் சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில் பயில்கிறான். வாரத்தில் 6 நாள்கள் பேருந்துப் பயணம். போகவும் வரவும் நாளொன்றுக்கு ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் ஆகிறது. அவ்வளவு நேரமும் அவன் காதில் ஏதோ ஒன்று ஒலித்துக்கொண்டிருக்கும். பாடம், கிராஅத், பாட்டு என்று மாறி மாறிக் கேட்பான். தெருப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்து 2,500 ரூபாய் சேர்த்து வைத்திருந்தான். "மேலும் 2,500 ரூபாய் தந்தால் பேஸ் அதிகமுள்ள ஒன்றை வாங்குவேன்" என்றான். அந்தத் தொகை எங்கள் வீட்டின் பல நாள் மளிகைச் செலவு. ஆகவே தருவதற்கு முன் விவரம் அறிய விரும்பினேன். அறிந்தவற்றை உங்களுடன் பகிர்ந்து கொள்கிறேன்.

இசையைப் பற்றி நம் ஆலிம்களிடையே உள்ள கருத்து வேறுபாடுகளை இங்கே நான் எடுத்துப் பேசவில்லை. அதற்குரிய இடம் வேறு. எதைக் கேட்பதாயினும் கேட்கும் காது ஒன்றுதான். அந்தக் காதைப் பற்றியதே இக்கட்டுரை.

பேஸ் என்பது என்ன?

நல்ல செவியுள்ள ஓர் இளைஞனின் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வுகளைக் கேட்கும். அவற்றுள் சுமார் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஆழ்ந்த ஒலிகளையே பேஸ் என்கிறோம். மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில் ரவையைப் பிசைந்து அப்புவதைப் பார்த்திருப்பீர்கள். தோலின் எடை கூடினால் அதிர்வின் வேகம் குறைந்து, 'தொம்' என்ற ஆழ்ந்த நாதம் பிறக்கும். ஃபக்கீர்மார்களின் கையிலுள்ள தாயிராவின் நடுவில் உள்ளங்கை பட்டால் எழும் ஒலியும் இவ்வகையே. ஹெட்போனுக்குள் இருப்பதும் ஒரு சிறு பறைதான். மெல்லிய சவ்வு ஒன்று, காந்தத்துக்கு நடுவே உள்ள கம்பிச் சுருளால் முன்னும் பின்னும் அசைந்து காற்றைத் தள்ளுகிறது.

1910ஆம் ஆண்டு அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதானியேல் பால்டுவின் என்பவர் தம் வீட்டுச் சமையலறையில் ஹெட்போன்களைச் செய்து அந்நாட்டுக் கடற்படைக்கு அனுப்பினார். 1979இல் சோனி நிறுவனத்தின் வாக்மேன் வந்த பின்னர், அது தெருவில் நடப்போரின் காதுக்கும் வந்து சேர்ந்தது.

இங்கே கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. குறைந்த ஒலியளவில் நம் காது ஆழ்ந்த ஒலிகளைச் சரிவரக் கேட்பதில்லை. இதனை 1933இலேயே ஃப்ளெட்சர், மன்சன் என்னும் இரு ஆய்வாளர்கள் அளந்து காட்டினர். பழைய டேப் ரிக்கார்டர்களில் 'லவுட்னஸ்' என்றொரு பொத்தான் இருந்ததே, நினைவிருக்கிறதா? மெதுவாகக் கேட்கும்போது பேஸைச் சற்றே உயர்த்தித் தருவதுதான் அதன் வேலை. அந்தப் பொத்தான் இல்லாத இடத்தில் மனிதன் என்ன செய்கிறான்? மொத்த ஒலியையும் கூட்டிவிடுகிறான். ஆபத்தின் தொடக்கம் அங்கேதான்.

திரும்பி வராத செல்வம்

என் தாய்மாமா ஒருவர் வளைகுடா நாடொன்றில் ஜெனரேட்டர் அறையில் 18 ஆண்டுகள் வேலை பார்த்தார். காதுக்குக் காப்பு எதுவும் அவருக்கு அங்கே தரப்படவில்லை. இன்று ஊரில் இருக்கிறார். பாங்கின் ஓசை அவருக்குக் கேட்கும். பேரக் குழந்தை பேசுவதும் கேட்கும். ஆனால் என்ன பேசுகிறது என்பதுதான் விளங்குவதில்லை. "சத்தம் வருது மாப்பிள்ளே, சொல்லு வரமாட்டேங்குது" என்று அவர் என்னிடம் சொன்னபோது எனக்கு மறுமொழி கூற இயலவில்லை.

காரணம் இதுதான். உட்காதில் உள்ள நுண்ணிய மயிர்ச் செல்கள்தாம் ஒலியை நரம்புக்குக் கொண்டு செல்கின்றன. பேரொலியால் அவை மடிந்தால் மனிதனுக்கு மீண்டும் முளைப்பதில்லை. அவ்வாறு ஏற்படும் இழப்பு பெரும்பாலும் 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில், குறிப்பாக 4,000ஐ ஒட்டியே முதலில் தோன்றும். நம் பேச்சின் உயிரெழுத்துகள் கீழ்ப்பகுதியில் ஒலிப்பதால் அவை தப்பிவிடுகின்றன. ஸ, ஷ, ஃப போன்ற மெல்லிய உரசல் ஒலிகள் மேற்பகுதியில் இருப்பதால் அவை மறைந்துவிடுகின்றன. ஸீனையும் ஷீனையும் ஸாதையும் பிரித்தறியப் பிள்ளைகளுக்குக் கற்றுத் தரும் எனக்கு இதன் பொருள் நன்கு விளங்கும். எழுத்து தவறினால் சொல் தவறும். சொல் தவறினால் பொருளே மாறிவிடும் அல்லவா?

12 வயது முதல் 35 வயது வரையுள்ளவர்களில் 100 கோடிக்கும் மேற்பட்டோர் பாதுகாப்பற்ற முறையில் ஒலி கேட்பதால் செவித்திறனை இழக்கும் அபாயத்தில் உள்ளனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அந்நிறுவனம் காட்டும் கணக்கு எளிமையானது. 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வாரத்துக்கு 4 மணி நேரமே. சிறுவர்களுக்கு 75 டெசிபலில் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் கேட்கத் தகுந்த நேரம் பாதியாகக் குறைகிறது.

இதை என் மகனின் பயணத்தோடு வைத்துப் பார்த்தேன். வாரத்தில் 15 மணி நேரம். 80 டெசிபலில் அது குற்றமில்லை. 90 டெசிபலில் அதே 15 மணி நேரம், அனுமதிக்கப்பட்ட அளவின் ஏறத்தாழ நான்கு மடங்கு!

பேருந்தில் நடப்பது என்ன? எஞ்சினின் உறுமலும் ஆழ்ந்த ஒலியே. அது பாட்டிலுள்ள பேஸை முதலில் விழுங்கிவிடுகிறது. பிள்ளை பேஸைத் தேடி ஒலியைக் கூட்டுகிறான். கூட்டும்போது பேஸ் மட்டுமா கூடுகிறது? காதை முதலில் காயப்படுத்தும் நடு ஒலியும் உச்ச ஒலியும் சேர்ந்தே கூடுகின்றன. அப்படியானால், வெளிச் சத்தத்தைத் தடுத்து, குறைந்த ஒலியிலேயே நிறைவான பேஸைத் தரும் ஹெட்போன் ஆடம்பரமாகாது. அது காதுக்கு ஒரு காப்பு. இவ்வளவும் விளங்கிய பின்னர், "தம்பி, வாங்குவோம். ஆனால் நான் சொல்லும் முறையில் தேர்ந்தெடுப்போம்" என்றேன்.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலாவது, காதோடு பொருந்துதல். பேஸின் பாதி இரகசியம் இதில்தான் இருக்கிறது. மெத்தைக்கும் கன்னத்துக்கும் இடையே சிறு இடுக்கு இருந்தாலும் ஆழ்ந்த ஒலியின் அழுத்தம் அதன் வழியே வெளியேறிவிடும். கேட்டுக்கொண்டிருக்கும்போது இரு கிண்ணங்களையும் விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் பேஸ் பெருகினால் அது உங்கள் தலைக்குப் பொருந்தவில்லை என்று பொருள். மூக்குக்கண்ணாடியின் காம்பும் இவ்வாறு இடுக்கை உண்டாக்கும். நம் பெண்மக்கள் கவனிக்க வேண்டியது, மக்கனாவின் மேல் ஹெட்போனை அணிந்தால் துணியின் மடிப்பு வழியே பேஸ் கசியும். உடனே கை ஒலியைக் கூட்டச் செல்லும். அவர்களுக்கு மக்கனாவின் உள்ளே காதில் செருகும் இயர்போனே ஏற்றது. அதனுடன் வரும் மூன்று அளவு ரப்பர் முனைகளில் தமக்குச் சரியானதைப் பொறுமையாகப் பார்த்துப் பொருத்த வேண்டும்.

இரண்டாவது, மூடிய வகையா, திறந்த வகையா? பின்புறம் துளைகளுள்ள திறந்த வகை அமைதியான அறைக்கு அழகு. பேருந்துக்கு மூடிய வகையே பயன்படும்.

மூன்றாவது, பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்கள். '20 முதல் 20,000 ஹெர்ட்ஸ்' என்ற வரி ஏறக்குறைய எல்லாப் பெட்டிகளிலும் இருக்கும். எந்த ஒலி எவ்வளவு ஏற்றத்தாழ்வுடன் வருகிறது என்பதை அது சொல்வதில்லை. '50 மி.மீ.' என்பதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம். நன்கு செய்யப்பட்ட 40 மி.மீ. சவ்வு, ஏனோதானோவென்று செய்யப்பட்ட 50 மி.மீ. சவ்வை விடச் சிறந்தது. கவனிக்க வேண்டிய எண் ஓம் அளவு. செல்பேசியில் கேட்பதற்கு 32 ஓம் அல்லது அதை ஒட்டிய அளவு போதும். 250 ஓம் போன்றவை தனிப் பெருக்கி இல்லாமல் முழுத் திறனைக் காட்ட மாட்டா.

நான்காவது, கம்பியா, கம்பியில்லாததா? கம்பியில்லாததன் விலையில் ஒரு பகுதி பேட்டரிக்கும் மின்னணுச் சில்லுகளுக்கும் போகிறது. பேட்டரி சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும். கையில் பணம் குறைவென்றால், அதே விலைக்குக் கம்பியுள்ளதில் ஒலி மேம்பட்டிருக்கும். செல்பேசியில் துளை இல்லையெனில் சிறு இணைப்பான் ஒன்று வாங்கிக்கொள்ளலாம். கழற்றி மாட்டும் கம்பியும், மாற்றக்கூடிய மெத்தையும் உள்ளதாகப் பார்த்தால் நெடுநாள் உழைக்கும்.

ஐந்தாவதே முதன்மையானது. பேஸ் மிகுதியாக இருப்பது வேறு, நன்றாக இருப்பது வேறு. கட்டுப்பாடற்ற பேஸ் தனக்கு மேலுள்ள குரலை மூடி மறைத்துவிடும். சிதம்பரத்துக் கடை ஒன்றில் மகனுக்கு இரண்டு ஹெட்போன்களைக் கேட்கத் தந்தார்கள். ஒன்று 4,800 ரூபாய். மற்றது 1,900 ரூபாய். 2015இல் மறைந்த நாகூர் ஈ.எம். ஹனீபா அவர்களின் பாடல் ஒன்றையும், மகன் விரும்பும் தாளம் மிகுந்த பாடல் ஒன்றையும் இரண்டிலும் போட்டுக் கேட்கச் சொன்னேன். முன்பின் கேட்டிராத மூன்றாவது பாடல் ஒன்றைப் போட்டு, காதில் விழும் சொற்களைத் தாளில் எழுதச் சொன்னேன். விலை உயர்ந்ததில் தாளம் நெஞ்சை அதிரச் செய்தது. ஆனால் தாளில் ஆங்காங்கே இடைவெளி விழுந்தது. ஹனீபாவின் கணீரென்ற குரலே சற்று மங்கி ஒலித்தது. மற்றதில் ஒவ்வோர் அடியும் தொடங்கிய இடமும் முடிந்த இடமும் தெரிந்தன. சொற்களும் முழுமையாக வந்தன. மகன் இரண்டையும் மீண்டும் ஒரு முறை மாட்டிப் பார்த்துவிட்டு, "இதுவே போதும் அத்தா" என்று 1,900 ரூபாய்க்குரியதை எடுத்துக்கொண்டான். எஞ்சிய 600 ரூபாயில் இணைப்பானும் மாற்று மெத்தையும் வாங்கியதோடு, தங்கைக்கு ரப்பர் முனைகளும் வாங்கி வந்தான்.

வாங்குவதற்கு முன்

வாசகர்களே! புதிதாக வாங்கும் முன் இருப்பதைச் சீர்செய்து பாருங்கள். நைந்துபோன மெத்தையை மாற்றினாலே பல ஹெட்போன்களில் போன பேஸ் திரும்பி வரும். செல்பேசியில் உள்ள ஈக்வலைசர் என்னும் ஒலிச் சமனியைப் பயன்படுத்துங்கள். பேஸை வெகுவாக ஏற்றாமல் மற்றவற்றைச் சிறிது தாழ்த்தினால் ஒலி கரகரக்காது, காதுக்கும் நலம். பல செல்பேசிகளில் ஒலியளவுக்கு மேல்வரம்பு வைக்கும் வசதி உண்டு. பிள்ளைகளின் கருவிகளில் அதனை அமைத்து விடுங்கள்.

சாலையைக் கடக்கும்போதும் தண்டவாளத்தருகே நடக்கும்போதும் இரு காதுகளையும் அடைத்துக்கொள்ள வேண்டாம். கேட்டு முடித்தபின் காதில் இரைச்சல் தோன்றினாலோ, பிறர் பேச்சு மங்கிக் கேட்டாலோ, அதைப் பொருட்படுத்தாமல் விடாதீர்கள். காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் செவித்திறன் சோதனை செய்துகொள்ளுங்கள். அது வலியில்லாத, எளிய சோதனை.

பிள்ளைகள் கேட்பதை எல்லாம் மறுத்துவிடுவது எளிது. எல்லாவற்றையும் வாங்கித் தருவதும், வசதியுள்ளோருக்கு எளிதே. அவர்களோடு அமர்ந்து, எது எதற்காக என்று ஆய்ந்து தேர்ந்தெடுப்பதுதான் கடினம். அதற்குப் பணம் அதிகம் வேண்டியதில்லை. ஒரு பிற்பகல் வேண்டும். செவி இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். நம் பிள்ளைகள் முதுமையிலும் தம் பேரக் குழந்தைகளின் மழலையைச் சொல் சொல்லாகக் கேட்டு மகிழ வேண்டுமானால், அதற்குரிய காவலை இன்றே நாம் செய்தாக வேண்டும்.