விசில் கேட்டா வாளியைத் தூக்கு!

"அவிநாசிபாளையம்னா அவிநாசி பக்கத்துலதானே?"ன்னு நினைச்சு தப்பான பஸ்ல ஏறினவன் நான். நீங்களாவது உஷாரா இருங்க ஃப்ரெண்ட்ஸ்! அவிநாசி, திருப்பூருக்கு வடக்கே. அவிநாசிபாளையம், தெற்கே. தாராபுரம் பஸ்ல ஏறி, கோவை - திருச்சி ரோடு குறுக்கே வர்ற நால்ரோட்டுல இறங்கணும். சுத்தி தென்னந்தோப்பு, நடுநடுவே பனியன் கம்பெனி, ரோடு நிறைய லாரி. இதான் ஊர்.

ரூம்மேட் வீட்டுல ராத்திரி செம சாப்பாடு. அதுக்குக் கைமாறா நல்ல பிள்ளையாட்டம் குப்பை வாளியைத் தூக்கிட்டுப் போய் ரோட்டோரமா வெச்சுட்டு வந்தேன். இங்கிலீஷ் படத்துல எல்லாம் அப்படித்தானே பாஸ் வைக்கிறாங்க?

விடிஞ்சு பார்த்தா, வாளி சாக்கடையில. குப்பை தெரு முழுக்க. நாய்ங்க பார்ட்டி நடத்தி முடிச்சிருக்கு!

"ஏங் கண்ணு, ராத்திரியில வாளிய வெளிய வெப்பாங்களா? காத்தால விசில் சத்தம் கேட்டாத்தான் எடுத்துட்டுப் போகோணும்"னு சிரிச்சாங்க அவன் அம்மா.

அசடு வழிஞ்சுக்கிட்டே எல்லாத்தையும் கூட்டி அள்ளி மறுபடி வாளியில போட்டேன். கொஞ்ச நேரத்துல விசில். வண்டியோட வந்த தூய்மைக் காவலர் அக்கா வாளியை வாங்கிப் பார்த்தாங்க. சோறு, பால் கவர், பேப்பர்... எல்லாம் ஒண்ணா. ஒண்ணும் சொல்லாம கையை விட்டுப் பிரிக்க ஆரம்பிச்சாங்க. திடீர்னு கையை இழுத்துக்கிட்டாங்க. உள்ளே ஒரு பிளேடு. முந்தின நாள் ஷேவ் பண்ணிட்டு நான் போட்டது.

நல்லவேளை, வெட்டலை. "பேப்பர்ல சுத்தித் தனியா குடுங்க தம்பி"ன்னு மட்டும் சொல்லிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிட்டாங்க. திட்டியிருந்தாகூடப் பரவாயில்லைன்னு தோணுச்சு.

இதெல்லாம் சட்டத்துலயே இருக்குங்க. 2016-ல வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள் குப்பையை வீட்டுலயே மூணா பிரிக்கச் சொன்னுச்சு. நாப்கின், டயாப்பரைச் சுத்தித்தான் கொடுக்கணும். தெருவுல வீசக் கூடாது, எரிக்கவும் கூடாது. 2026 ஏப்ரல்ல இருந்து புது விதிகள். அதுல மூணு இப்போ நாலு: ஈரக் குப்பை, உலர் குப்பை, சானிட்டரி குப்பை, அப்புறம் பல்பு, மருந்து, பெயின்ட் டப்பா மாதிரி ஐட்டங்கள்.

'நாலா? ஆளை விடு'ங்கிறீங்களா? சாயங்காலம் ஒரு வேஸ்ட் குடோனுக்குக் கூட்டிட்டுப் போனான் ரூம்மேட். பனியன் வெட்டும்போது விழற துண்டுத்துணி மூட்டை மூட்டையா கிடக்கு. வெள்ளை தனி, கலர் தனி, பெருசு தனி, சின்னது தனின்னு உட்கார்ந்து பிரிக்கறாங்க. பிரிச்சது ஓ.இ. மில்லுக்குப் போய்த் திரும்ப நூலாகுது. மெஷின் துடைக்கற துணியாவும் விலை போகுது. கலந்துட்டா ரேட்டு இறங்கிடும். வேஸ்ட்டைப் பிரிச்சுக் காசு பார்க்கற ஊருக்கு நாலு வாளி எல்லாம் ஒரு மேட்டரா?

பிரிக்காட்டி என்னாகும்? திருப்பூரையே பாருங்க. மாநகராட்சிக் குப்பையை ரொம்ப வருஷமா கைவிட்ட பாறைக்குழிகள்ல கொட்டினாங்க. மழைத்தண்ணி இறங்கி, அழுகின சாறு நிலத்தடி நீருக்குப் போகும்னு சுத்துப்பட்டு ஜனங்களுக்குப் பயம். 2025-ல முதலிபாளையம், இடுவாய்ப் பக்கமெல்லாம் 'எங்க ஊர்ல கொட்டாதீங்க'ன்னு போராட்டம். ஒரு தெருவுல கலந்து போடற குப்பை, இன்னொரு ஊர்க் கிணத்துல போய் நிக்குது.

ஞாயித்துக்கிழமை ராத்திரி ஹாஸ்டல் திரும்பியாச்சு. ரூம்ல ஒரே ஒரு குப்பைத் தொட்டி. உள்ளே பிஸ்கட் கவர், வாழைப்பழத் தோல், தீர்ந்துபோன பேட்டரி... இப்போ பக்கத்துலயே ஒரு அட்டைப்பெட்டி வெச்சிருக்கோம். யூஸ் பண்ண பிளேடு, பேப்பர்ல சுத்தி அதுலதான் போகுது.

உங்க ரூம்ல எப்படி பாஸ்?