பூட்டு இருந்தது, கதவு திறந்திருந்தது

கம்பத்திலிருந்து மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறும் ஜீப்புகள் கம்பம்மெட்டில்தான் சற்று மூச்சு வாங்குகின்றன. இந்தப் பக்கம் தேனி மாவட்டம், அந்தப் பக்கம் இடுக்கி. இரண்டையும் பிணைப்பது ஏலக்காய். தமிழில் சரக்கின் பெயரும் ஏலம், அதை விற்கும் முறையின் பெயரும் ஏலம். இரண்டும் நம்பிக்கையில் நடப்பவை.

மெட்டுக்கு அருகில் கடை வைத்திருக்கும் அந்த வியாபாரிக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. தோட்டக்காரர்களிடம் வாங்கி, ரகம் பிரித்து, வடக்கே அனுப்புவது தொழில். பெரிய வியாபாரமெல்லாம் புத்தடியிலும் போடிநாயக்கனூரிலும் உள்ள மின் ஏல மையங்களில் கம்ப்யூட்டர் திரையில் முடிந்துவிடுகிறது. நேரடி வாடிக்கையாளர்களைப் பிடிக்க, 2021ல் அக்கா மகன் ஒரு வெப்சைட் அமைத்துக் கொடுத்தான். முகவரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டுப் படம் தெரிந்தது. "பூட்டு விழுந்துருச்சு மாமா, இனி பயமில்ல" என்றான். மாமா நம்பினார்.

ஒரு தீபாவளி சமயம். குஜராத்திலிருந்து பழைய வாடிக்கையாளர் போன் செய்தார். 25 கிலோவுக்குப் பணம் அனுப்பி நான்கு நாளாகிறது, சரக்கு எங்கே? பணம் வந்து சேரவே இல்லை. வெப்சைட்டைத் திறந்து பார்த்தபோது பக்கம் அப்படியே இருந்தது. கடையின் பெயர், படங்கள், விலை எல்லாம் சரி. வங்கிக் கணக்கு எண் மட்டும் வேறு யாருடையதோ. பூட்டுப் படத்துக்கும் ஒரு குறையும் இல்லை.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். அந்தப் பூட்டு சொல்வது ஒரே ஒரு சேதியை: வாடிக்கையாளரின் போனுக்கும் சர்வருக்கும் இடையே போகும் தகவலை வழியில் எவரும் படிக்க முடியாது. மலை இறங்கும் லாரியின் தார்ப்பாயை இழுத்துக் கட்டி சீல் வைப்பது போல. குடோனின் பின்கதவு திறந்து கிடந்தால் சீல் என்ன செய்யும்? திருடன் வைக்கும் போலிக் கடைக்கும் அதே பூட்டு இலவசமாகவே கிடைக்கிறது. மக்கள் அதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால்தான் கூகுளின் குரோம் 2023ல் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது.

சின்னக் கடைக்கு மட்டும் நேர்வதல்ல இது. 2018ல் பிரிட்டிஷ் ஏர்வேஸ் வெப்சைட்டில் திருடர்கள் சில வரிகளை ரகசியமாகச் சேர்த்தார்கள். டிக்கெட் வாங்கியவர்கள் தட்டிய கார்டு எண்கள் நகலாகி வெளியே போயின. பாதிக்கப்பட்டவர்கள் 4 லட்சத்துக்கும் மேல். 2020ல் நிறுவனம் கட்ட வேண்டிவந்த அபராதம் 2 கோடி பவுண்டு. அமெரிக்காவின் ஈக்விஃபாக்ஸ் கதை இன்னும் விசித்திரம். சாஃப்ட்வேரில் ஓட்டை இருக்கிறது, அடைக்க வழியும் இருக்கிறது என்பது 2017 மார்ச்சிலேயே தெரியும். அடைக்கவில்லை. 14 கோடிக்கும் அதிகமானோரின் விவரங்கள் பூட்டிய பாதை வழியாகவே வெளியேறின. காவலுக்கு இருந்த கருவியின் சான்றிதழ் காலாவதியாகியிருந்ததால் அதனால் உள்ளே எட்டிப்பார்க்க முடியவில்லை.

நம்மூர் உதாரணமும் உண்டு. கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியிலிருந்து 2018 பிப்ரவரியில் ஏறத்தாழ 20 லட்சம் டாலரை மூன்று தவணையாக வெளிநாட்டுக்கு அனுப்ப முயன்றார்கள். வங்கி அதைக் கண்டுபிடித்தது, அன்றாடக் கணக்கைச் சரிபார்த்தபோது. ஒரு தவணை உடனே தடுக்கப்பட்டது. நவீன யுகத்திலும் பழைய பேரேட்டுப் பழக்கம் கைகொடுத்தது.

கடைக்கு வந்த திருடன் எப்படி நுழைந்தான்? வெப்சைட்டில் ஒட்டியிருந்த ஒரு பழைய இணைப்பு சாஃப்ட்வேர் இரண்டு ஆண்டாகப் புதுப்பிக்கப்படவில்லை. நிர்வாக பாஸ்வேர்டு கடையின் பெயரும் 123ம். எப்போது நுழைந்தான் என்பதும் தெரியவில்லை. சர்வரின் வருகைப் பதிவேடு ஏழு நாளுக்கு மட்டுமே இருந்தது. இந்தியாவின் கணினி அவசரகால அமைப்பான செர்ட்-இன், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்கவும், தாக்குதலை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் 2022லேயே உத்தரவிட்டிருந்தது. 1930 என்ற உதவி எண்ணுக்கு உடனே பேசினால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு உண்டு. நான்கு நாள் கழித்துப் பேசியதில் பணம் பல கணக்குகள் மாறிப் போயிருந்தது.

அக்கா மகன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. பிறகு உட்கார்ந்து வேலை பார்த்தான். தேவையற்ற இணைப்புகளை நீக்கினான். மற்றவை தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்படி செய்தான். நீண்ட பாஸ்வேர்டு, அதற்கு மேல் போனில் வரும் இரண்டாவது எண். வாசலிலேயே சந்தேக நபர்களைத் தடுக்கும் ஃபயர்வால். பக்கத்தில் ஓர் எழுத்து மாறினாலும் எச்சரிக்கை. வாரம் ஒரு முறை முழு நகல், இணைப்பிலிருந்து கழற்றிய தனி டிஸ்க்கில்.

மாமா தன் பங்குக்கு ஒன்று சொன்னார். சரக்குப் பொட்டலத்தின் லேபிளில் கடையின் போன் எண்ணை அச்சடித்து, "பணம் அனுப்பும் முன் பேசவும்" என்று போடச் சொன்னார். வெப்சைட்டைத் திருடன் மாற்றலாம், வாடிக்கையாளர் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் லேபிளை மாற்ற முடியாதே.

குஜராத்துக்கு 25 கிலோவும் போய்ச் சேர்ந்தது, கடையின் நஷ்டத்தில். "எழுத்த மாத்துனவன் எவனோ. மேல இருக்குறது நம்ம பேரு மாப்ள" என்றார். இப்போதெல்லாம் கடை சாத்தும் நேரத்தில் குடோன் கதவை இழுத்துப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்கிறார்: "அந்தக் கதவையும் பாத்துட்டியா?"