கிர்ர்ர்க்... கருமத்தம்பட்டி!

ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி இறங்கும்போது உங்க வீட்டுக் கார் 'கிர்ர்ர்க்'னு பழைய மரக்கதவு மாதிரி கத்துதா? அடுத்து நீங்க என்ன செய்வீங்கன்னு எனக்குத் தெரியும். எஃப்.எம். வால்யூமை ரெண்டு பாயின்ட் ஏத்துவீங்க. பிரச்னை ஓவர்!

எங்க மாமாவும் அதைத்தான் செஞ்சார். ஒரு நாள், ரெண்டு நாள் இல்லீங்க... முழுசா ரெண்டு மாசம்!

அந்தச் சத்தத்தைத் தேடித்தான் இந்த வாரம் உங்களை ஒரு டூர் கூட்டிட்டுப் போறேன். ஊட்டி, வால்பாறை, டாப்ஸ்லிப்னு கனவு காணாதீங்க. நாம போறது கருமத்தம்பட்டி. அருவி கிடையாது, வியூ பாயின்ட் கிடையாது. கேமரா தேவையில்ல, ரெண்டு காது இருந்தா போதும்.

காந்திபுரத்துல அவினாசி பஸ் ஏறுங்க. பீளமேடு, சிட்ரா, சின்னியம்பாளையம், நீலாம்பூர்னு அவினாசி ரோடு நீண்டுக்கிட்டே போகும். காலேஜ், மில்லு, ஆஸ்பத்திரி, மறுபடி காலேஜ்! கணியூர் டோல்கேட்டைத் தாண்டினா கொஞ்ச நேரத்துல கருமத்தம்பட்டி. கோயம்புத்தூர்லேர்ந்து சுமார் 25 கிலோமீட்டர். 2021-ல நகராட்சி ஆன ஊர். ஜெபமாலை அன்னை ஆலயத்துக்கு அக்டோபர் திருவிழாவுல எல்லா மதத்துக்காரங்களும் வருவாங்க. மெயின் ரோட்டை விட்டு சோமனூர் பக்கம் திரும்பி நாலு தெரு உள்ளே போங்க. அங்கேதான் அந்த ஊரோட ஒரிஜினல் சவுண்ட் டிராக் ஆரம்பம்.

'டக்கடி டக்கடி டக்கடி...'

விசைத்தறி! நிமிஷத்துக்கு நூறு தடவைக்கும் மேல நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அடி வாங்கி ஓடுற சத்தம். முதல் நாள் ராத்திரி உங்களுக்குத் தூக்கம் வராது. அந்த ஊர்க்காரங்களுக்கு அது நின்னாத்தான் தூக்கம் வராது. 2022 ஜனவரியில கூலி உயர்வு கேட்டு கோவை, திருப்பூர் மாவட்டங்கள்ல தறிகளை நிறுத்தினாங்களே, அந்த நாட்கள்ல நடுராத்திரி சும்மா எந்திரிச்சு உட்கார்ந்திருப்பேன்னு எங்க அப்புச்சி சொல்வார்.

அப்புச்சின்னா அம்மாவோட அப்பா. நாப்பது வருஷம் தறி ஓட்டினவர். இப்பவும் திண்ணையில பேப்பர் படிச்சுக்கிட்டே, "மூணாவது தறியில பிக்கிங் ஸ்டிக் லூசாயிருச்சு போலிருக்கு, போய்ப் பாருடா"ன்னு உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார். போய்ப் பார்த்தா அதேதான்! பன்னெண்டு தறி ஓடுற ஷெட்ல ஒரே ஒரு தறியோட இருமலைக் கண்டுபிடிக்கிற காது அது.

இப்ப நம்ம காருக்கு வருவோம்.

மாமாவோடது செகண்ட் ஹேண்ட்ல வாங்குன சின்ன கார். மாமா பையனுக்கு மொட்டை போட ஞாயித்துக்கிழமை பழனி போறதா பிளான். பல்லடம், உடுமலை வழியா ஏழு பேர். (ஆமா, அஞ்சு பேர் வண்டியில ஏழு பேர். அம்மிச்சியை விட்டுட்டுப் போக யாருக்கு தைரியம் இருக்கு?) எதுக்கும் ஒரு தடவை காட்டிடலாம்னு வியாழக்கிழமை ஒரு ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனாங்க. சக்கரத்தைத் தூக்கி ஆட்டிப் பார்த்தாங்களாம். "ஆட்டமே இல்ல, ஜாயின்ட் எல்லாம் சூப்பர். முன்னாடி ரெண்டு ஷாக் அப்சர்பரும் போச்சு, மாத்திடலாம்"னு ஒரு சீட்டு. கீழே கூட்டுத்தொகை 14,000 ரூபாய்.

ஜாப் ஒர்க் கூலியில தறி ஓட்டுற வீட்டுல 14,000 ரூபாய்னா எவ்வளவு மீட்டர் துணின்னு மாமா மனசுக்குள்ளயே கணக்குப் போட்டார். அப்புறம் என்னைப் பார்த்தார். "அம்மணி, நீ மெக்கானிக்கல்தானே படிக்கிறே? இது என்னன்னு சொல்லு."

வகுப்புல அறுபது பேருக்கு மூணே மூணு பொண்ணுங்க. அதுல நானும் ஒருத்திங்கிற கெத்து எனக்கு எப்பவும் உண்டு. துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கிட்டு, "டாப் மவுன்ட் பேரிங் மாமா"ன்னு ஒரே அடியா அடிச்சு விட்டேன். ஏன்னா எக்ஸாமுக்கு அதைத்தான் படிச்சிருந்தேன்!

திண்ணையிலேர்ந்து அப்புச்சி கேட்டார்: "சத்தம் எப்பெப்ப வருதுன்னு கேட்டியா கண்ணு?"

கேட்கலை. சத்தியமா கேட்கவே இல்ல.

இந்த இடத்துல ரெண்டு நிமிஷம் தியரி. பயப்படாதீங்க, இன்டர்னல் மார்க் கிடையாது.

இன்னிக்கு ரோட்டுல ஓடுற சின்ன கார்கள்ல பெரும்பாலானவற்றுக்கு முன்பக்கம் இருக்கிறது மெக்ஃபர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மெக்ஃபர்சன்ங்கிற அமெரிக்க இன்ஜினீயர் 1940-கள்ல யோசிச்ச டிசைன். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சர்பரும் சேர்ந்து ஒரே தூண். தூணோட தலை பானெட்டுக்குக் கீழே ஒரு பேரிங்ல உட்காரும். கால், 'லோயர் ஆர்ம்'ங்கிற கையோட நுனியில இருக்கிற பால் ஜாயின்ட்ல நிக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினா தூண் மொத்தமா சுழலும். லோயர் ஆர்மோட இன்னொரு முனை, ரப்பர் புஷ் போட்டு வண்டியோட அடிச்சட்டத்துல மாட்டியிருக்கும்.

சரி, 'கிர்ர்ர்க்' எப்படி வருது? காய்ஞ்சுபோன ரெண்டு பரப்பு ஒண்ணை ஒண்ணு பிடிக்கும், விடும், பிடிக்கும், விடும். ஒரு நொடியில பல தடவை. கதவுக் கீல் கத்துறதும் இப்படித்தான். வயலின் வில் நரம்பைப் பாட வைக்கிறதும் இப்படித்தான். ஒண்ணு எரிச்சல், ஒண்ணு கச்சேரி!

ஆகவே, காரைத் தொடுறதுக்கு முன்னாடி ரெண்டே ரெண்டு கேள்வி.

வண்டி நிக்கும்போது ஸ்டீயரிங்கைத் திருப்பினா மட்டும் கத்துதா? அப்ப சுழலுற பாகங்கள் மேல சந்தேகப்படுங்க. மேலே பேரிங், கீழே பால் ஜாயின்ட், உள்ளே ஸ்டீயரிங் ராடு.

மேடு பள்ளத்துல மட்டும் கத்துதா? அப்ப மேலும் கீழும் மடங்குற ரப்பர் புஷ்கள். லோயர் ஆர்ம் புஷ், இல்லேன்னா ரெண்டு சக்கரத்தையும் இணைக்கிற ஸ்டெபிலைசர் பாரோட புஷ்.

'கிர்ர்க்' இல்ல, 'டொக் டொக்'னு தட்டுதா? அது காய்ஞ்ச சத்தம் இல்ல, லூசான சத்தம். ஸ்டெபிலைசர் லிங்க், டை ராடு எண்ட் பக்கம் போங்க. முழுசா ஒடிச்சுத் திரும்பும்போது 'டக டக டக'ன்னு வந்தா, அது சஸ்பென்ஷனே இல்ல, டிரைவ் ஷாஃப்ட்டோட சி.வி. ஜாயின்ட்.

மாமா காரை வாசல்ல நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டோம். இன்ஜினை ஓட விட்டு மாமா ஸ்டீயரிங்கை மெதுவா திருப்பினார். கிர்ர்ர்க்! இன்ஜினை அணைச்சுட்டு முன்பக்கத்தை அழுத்தி விட்டோம். கிர்ர்ர்க்! அப்ப, ரெண்டுலயும் வருது. ரெண்டு வேலையும் செய்யுற பாகம் எது? சுழலவும் செய்யணும், சாயவும் செய்யணும்.

எனக்கு மண்டையில பல்பு எரிஞ்சது. ஆனா வாயைத் திறக்கலை. ஒரு தடவை பட்ட அவமானம் போதாதா?

தெருமுனைப் பட்டறைக்கு வண்டியைக் கொண்டு போனோம். போர்டு கிடையாது. ஒரு வேப்பமரம், ஒரு குழி, ஒரு அண்ணன். அவர் முதல்ல செஞ்ச வேலை, கார்ல ஓடிக்கிட்டு இருந்த பாட்டை நிறுத்தினதுதான்!

"முதல்ல இது பேசட்டுங்க, அப்பறம் அது பாடட்டும்."

அடுத்து ஒரு வாட்டர் பாட்டில். ஒவ்வொரு ரப்பர் புஷ் மேலயும் தண்ணி அடிச்சு, ஒவ்வொரு தடவையும் முன்பக்கத்தை அழுத்தச் சொன்னார். "புஷ்ஷா இருந்தா தண்ணி பட்டதும் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கும் அம்மணி. மழை நாள்ல சத்தம் காணோம்பாங்க பாருங்க, அது இதுதானுங்க." எங்க வண்டி வாயை மூடலை. அப்ப புஷ் இல்ல. "இன்ஜின் ஆயில் ஊத்தினா நின்னுடுமாண்ணா?"ன்னு கேட்டேன். முறைச்சார். அந்த ஆயில் ரப்பரை ஊற வெச்சுக் கெடுத்துடுமாம். நோட் பண்ணிக்குங்க!

அப்புறம் ஸ்பிரிங் மேல ரெண்டு விரலை லேசா வெச்சுக்கிட்டு மாமாவை ஸ்டீயரிங் திருப்பச் சொன்னார். மேல் பேரிங் இறுகியிருந்தா ஸ்பிரிங் முறுக்கிக்கிட்டு 'டொய்ங்'னு உதறும். உதறலை. என் டாப் மவுன்ட் தியரி அங்கேயே காலி. (ஸ்பிரிங் சுத்துக்கு நடுவுல விரலை விடாதீங்க. விரல் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில கிடைக்காது.)

கடைசியா குழிக்குள்ளே இறங்கினார். ஒரு ரப்பர் ட்யூபை எடுத்து ஒரு முனையைக் காதுல வெச்சுக்கிட்டார். இன்னொரு முனையை ஒவ்வொரு ஜாயின்ட் பக்கமும் கொண்டு போனார். 1816-ல லானெக்ங்கிற பிரெஞ்சு டாக்டர் காகிதத்தைச் சுருட்டி நோயாளி நெஞ்சுல வெச்சுக் கேட்டாரே, ஸ்டெதஸ்கோப்புக்குப் பிள்ளையார் சுழி, அதே டெக்னிக்தான்! இடது பக்க லோயர் ஆர்ம்கிட்ட ட்யூப் நின்னுச்சு. "இங்கெ கை வைங்க அம்மணி."

குழிக்குள்ளே இறங்கிக் கையை வெச்சேன். மாமா ஸ்டீயரிங்கைத் திருப்ப, என் விரல் நுனியில 'நற நற'ன்னு ஒரு அதிர்வு. காதால கேட்ட 'கிர்ர்ர்க்'கைக் கையால தொட்ட மாதிரி இருந்துச்சு. வலது பக்கத்தையும் தொட்டுப் பார்த்தேன். அது வெண்ணெய்! இடது பால் ஜாயின்ட்டைப் போர்த்தியிருந்த ரப்பர் உறை கிழிஞ்சிருந்தது. கிரீஸ் வெளியே, தண்ணியும் மண்ணும் உள்ளே.

"ஒர்க்‌ஷாப்ல ஆட்டமே இல்லேன்னாங்களே?"ன்னு மாமா கேட்டார்.

"காய்ஞ்சது இன்னும் தேயலைங்க. அதான் ஆட்டம் வரலை. தேய்ஞ்சா ஆட்டம் வரும். ஆட்டம் வந்தும் ஓட்டினா ஒரு நாள் கழண்டுக்கும்."

கழண்டா என்ன ஆகும்னு நான் மாமாவுக்கு விளக்கலை. உங்களுக்குச் சொல்றேன். அந்தச் சக்கரம் ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காம, அதுபாட்டுக்கு ஒரு பக்கமா மடங்கிடும். ஏழு பேரை ஏத்திக்கிட்டு உடுமலை ரோட்டுல எண்பதுல போகும்போது நடந்தா? ஷாக் அப்சர்பர் ரெண்டும் புத்தம்புதுசா மின்னிக்கிட்டு இருந்திருக்கும். அவ்வளவுதான்.

எங்க வண்டியில பால் ஜாயின்ட் லோயர் ஆர்மோட சேர்ந்தே வர்ற டைப். இடது ஆர்மை மாத்தினார். கூலியோட சேர்த்து மூவாயிரத்துக்குள்ளே முடிஞ்சது. "வீல் அலைன்மென்ட் பார்க்காம பழனி போகாதீங்க"ன்னு கண்டிஷன் வேற. ஆர்மை மாத்தினா சக்கரக் கோணம் மாறலாம், டயர் ஒரு பக்கமா தேயும்.

நீங்களும் வீட்டுல பார்க்கலாம். கேட்கலாம், அழுத்தலாம், தண்ணி அடிக்கலாம். ஆனா ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில தலையை விடாதீங்க. அந்த வேலை குழியும் ஸ்டாண்டும் இருக்கிற இடத்துல, தெரிஞ்சவங்களோட மட்டும். பட்டறைக்குப் போனா "சத்தம் வருது"ன்னு மொட்டையா சொல்லாதீங்க. எப்ப வருது, எந்தப் பக்கம், திருப்பினாலா குதிச்சாலா, மழையில நிக்குதா... இதை ஒரு சீட்டுல எழுதிட்டுப் போங்க. பாதிப் பணம் அங்கேயே மிச்சம்!

ராத்திரி திண்ணையில உட்கார்ந்து அப்புச்சிகிட்டே கேட்டேன். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"காரைப் பத்தி எனக்கென்ன கண்ணு தெரியும்? தறி கெட்டா முதல்ல எதையும் கழட்ட மாட்டோம். கிட்ட நின்னு கேப்போம். அவ்வளவுதான்."

ஆறு செமஸ்டர்ல எந்த லேப்லயும் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரலை. ரீடிங் எடுக்கச் சொன்னாங்க, கிராஃப் போடச் சொன்னாங்க. மெஷின் பக்கத்துல சும்மா நின்னு காது கொடுக்கச் சொன்னதே இல்ல.

ஞாயித்துக்கிழமை பழனி போனோம். இந்தத் தடவை வாடகைக்கு இன்னொரு வண்டி. ஏழு பேர் ஒரே கார்ல வேணாம்னு மாமாவே சொல்லிட்டார்! வழி நெடுக ஸ்பீடு பிரேக்கர். ஒவ்வொண்ணுலயும் எல்லாரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டோம்.

ஒரு சத்தமும் இல்ல. அப்புறம்தான் மாமா பாட்டு போட்டார்.

உங்க வீட்டு வண்டி இன்னிக்கு சாயங்காலம் வாசலுக்கு வரும்போது... வால்யூமைக் கொஞ்சம் குறைச்சுத்தான் பாருங்களேன்!